ரெண்டு நாள் காய்ச்சல்

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"ரெண்டு நாளாங்க" என்றான் இருசப்பன். பக்கத்தில் அவன் மனைவி கமலா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஜெபீனா ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கும் கேள்வி அது. பதிலைப் பொறுத்துத்தான் பரிசோதனைப் பட்டை மாறும். ஐந்து நாளுக்குள் என்றால் டெங்கு வைரஸைத் தேடும் பட்டை. அதைத் தாண்டினால் வைரஸ் பெரும்பாலும் சிக்காது. அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேட வேண்டும்.

முதல் பட்டையைப் போட்டாள். ஒரே கோடு. நெகட்டிவ்.

கமலாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறப் போனான் இருசப்பன்.

பதினோரு மணிக்கு, அவர்களைப் போலவே மலையிலிருந்து இறங்கி வந்து கரும்பு வெட்டும் பாரதி சுகர் பார்க்க வந்தாள்.

"கமலாக்கு இன்னாவாம் மேடம்?"

"டெங்கு இல்ல. ரெண்டு நாள் காய்ச்சல்தானே."

பாரதி சிரித்தாள். "ரெண்டு நாளா? போன வெள்ளிக்கெழமையே என் பக்கத்துல நடுங்கிக்கினேதான் வெட்டுனா. 'நீ ஒதர்ற ஒதர்ல கரும்பு தானா வுழும்டி, கத்திய கீழ போடு'ன்னு நான்கூட கிண்டல் பண்ணேன்."

வெள்ளி. இன்று வியாழன்.

"அப்புறம் ஏன் ரெண்டு நாள்னாரு?"

"வெட்டுக்குப் போவாதது ரெண்டு நாளு. நாங்க அப்டித்தான் கணக்கு சொல்லுவோம். வேல செஞ்சிக்கினு இருக்கறவளுக்குக் காய்ச்சல்னு யார் சொல்லுவா?"

ஜெபீனா சட்டென்று எழுந்தாள். கமலாவின் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய் இன்னும் ஸ்டாண்டில் இருந்தது. மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரில் ஒரு சொட்டு எடுத்து, இரண்டாவது பட்டையில் விட்டாள்.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏழாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. புதுத் தொற்றைச் சொல்லும் கோடு மங்கலாக. முன்பே வந்துபோன தொற்றைச் சொல்லும் கோடு, அழுத்தி இழுத்ததுபோல் அடர் சிவப்பாக.

கமலாவுக்கு இது இரண்டாவது டெங்கு. முதலாவதைவிட இரண்டாவதுதான் ஆளைச் சாய்க்கும்.

போன் போட்டாள்.

"காய்ச்சல் வுட்டுட்ச்சிங்க மேடம்." இருசப்பன் குரலில் நிம்மதி. "கைகால்லாம் ஜில்லுனு இருக்குது. வயிறு வலிக்குதுன்னா. இப்ப தூங்கிக்கினு இருக்கா."

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ரத்தக் குழாய்கள் உள்ளுக்குள் கசியத் தொடங்கும் நேரம். அந்த ஜில்லிப்பு தூக்கத்தின் ஜில்லிப்பு இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"பஸ் மலையேறுதுங்க. இன்னொரு வளைவு போனா டவர் கெடைக்காது. நாங்க நடுவுலயே எறங்கிருவோம். அங்கேர்ந்து வூடு நாலு கிலோமீட்டருதான், நடந்துருவா."

ஒரு வாக்கியத்துக்குத்தான் நேரம் இருந்தது. எந்தப் பட்டை, எந்தக் கோடு என்று விளக்க முடியாது.

"எறங்காதீங்க. வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போங்க. கமலா நடந்தா உயிருக்கு..."

லைன் அறுந்தது.

அடுத்த அழைப்பு 108-க்கு. வெள்ளிமலையில் பஸ் நிற்கும் இடத்தில் வண்டி தயாராக நிற்க வேண்டும் என்றாள். அதன் பிறகு செய்ய எதுவும் இல்லை. இருசப்பன் கேட்டானா, அந்த வளைவு முந்திக்கொண்டதா?

ஒன்றேகால் மணிக்குப் புது எண் ஒன்று அழைத்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்.

"கடைசி ஸ்டாப்புல எறங்குனாங்க மேடம். பல்ஸ் ரொம்ப கம்மி. டாக்டர் டிரிப் போட்டு அனுப்பிட்டாரு. கள்ளக்குறிச்சிக்குத்தான் எறக்கிக்கினு இருக்கோம். இப்ப கண்ண தொறந்து தண்ணி கேட்டாங்க. நடந்து மட்டும் போயிருந்தா..."

ஜெபீனா போனைக் கீழே வைத்தாள். பாரதி சொன்னது மறுபடி காதில் விழுந்தது. 'நாங்க அப்டித்தான்.' நாங்க.

இந்த வாரப் பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். மலை ஊர்களின் பெயர்களாகப் பார்த்து விரலை ஓட்டினாள். காய்ச்சல் நாள்: ரெண்டு. அடுத்தது: ரெண்டு. அதற்கடுத்ததும் ரெண்டு. ஒன்பது பேர். ஒன்பதும் அவள் கையெழுத்து. ஒன்பதும் முதல் பட்டையில் நெகட்டிவ்.

முதல் எண்ணை அழுத்தினாள்.

தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது போன்.

இரண்டாவதை அழுத்தினாள்.