தட்டைத் திருப்பு!

கண்டுவிட்டாள்! உலகில் ஒருவரும் காணாத ஒன்றை யுவனேஸ்வரி கண்டுவிட்டாள்! 2014இல், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர நடுவிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில், நோயுற்ற இதயத்திலிருந்து எடுத்து ஒளிரும் சாயமிட்ட ஒற்றைச் செல் திரையில் பச்சையாய் மின்னியது. வரிசை வரிசையாகப் புரதங்கள். வரிசைகளில் ஆங்காங்கே உடைப்பு. அதுமட்டுமா? வரிசைகளுக்கு இடையே, தேன்கூடு போன்ற மெல்லிய வலை!

பழைய நுண்ணோக்கியில் இவையெல்லாம் வெறும் பச்சை மூட்டம். புதிய கருவியோ ஒளியைச் செல்லின்மீது சீராகக் கொட்டுவதில்லை. கோடு கோடாக வீசுகிறது. பக்குரங்கா புறநகரிலுள்ள அவள் வீட்டுச் சன்னலில் ஒரு வலைத்திரையின்மேல் மற்றொன்று படிந்தால், இரண்டிலும் இல்லாத பெரிய அலைகள் எழுமே, அதே வித்தைதான். கோடுகளை நகர்த்தியும் திருப்பியும் பல படங்கள் எடுத்தால், எழும் அலைகளிலிருந்து, கண்ணுக்கு எட்டாத நுணுக்கத்தைக் கணினி மீட்டுத் தரும்.

வெலிங்டன் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப அன்று மாலையே கெடு. ‘இதயச் செல்லில் இதுவரை அறியாத வலை’ என்று தலைப்பும் எழுதிவிட்டாள்.

கருவியைப் பராமரிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் திவாகர், பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா இந்த வலை செல்லுக்கு வெளியில, வெறும் இடத்திலயும் கிடக்குதே, தங்கச்சி?”

“அங்கயும் கொஞ்சம் சாயம் ஒட்டியிருக்கும் லா, அண்ணே.”

“ஓம் ஓம், சாயம்! எங்கட ஒளிக்கோடு மூண்டு திசையில போகுது. உம்மட வலையும் அதே மூண்டு திசை. மிஷினின்ர திசை செல்லுக்கு எப்பிடித் தெரியும்?”

“பொறாமை உங்களுக்கு!”

“அப்ப செல் இருக்கிற தட்டைத் திருப்பிப் பாருமன். செல்லின்ர சொத்தெண்டா செல்லோட திரும்பும். மிஷின் போட்ட கோலமெண்டா நிண்டபடியே நிக்கும்.”

சுருக்கென்றது அவளுக்கு. திருப்பாமலே அனுப்பினால் யார் கேட்கப்போகிறார்கள்? படம் அழகு, அழகுக்குக் கைதட்ட ஆயிரம் பேர் உண்டு. ஆனால் கைதட்டலால் பொய் மெய்யாகிவிடுமா? மலேசியாவில், தான் வளர்ந்த கிள்ளானில், மரப்பட்டையில் அம்மன் முகம் தெரிகிறதென்று மஞ்சள் துணி கட்டிய கூட்டத்தைப் பார்த்து நகைத்தவள் அவள். ஊரார் கண்ணைச் சந்தேகிக்கத் துணிந்தவள், தன் கண்ணைச் சந்தேகிக்க அஞ்சுவதா? தன் கருவி காட்டிய முகத்துக்குத் தானே மஞ்சள் துணி கட்டுவதா?

“திருப்புறேன். அப்புறம் நீங்க மன்னிப்புக் கேட்கணும்!”

கண்ணாடித் தட்டைக் கால்வட்டம் திருப்பிப் பொருத்தி, அதே செல்லைத் தேடிப் பிடித்தாள். கோடுகள் பாய்ந்தன. கணினி கணக்கிட்டது. திரையில் படம் எழுந்தது.

செல் திரும்பியிருந்தது. வலை திரும்பவில்லை.

திவாகர் கேலி செய்யவில்லை. தலைப்பு செத்தது, மாநாடு போயிற்று என்று எண்ணியவளின் பார்வை வரிசைகளில் போய் நின்றது. முன்பு நிமிர்ந்து நின்றவை இப்போது படுத்துக் கிடந்தன. உடைப்புகள்? பழைய படத்தைக் கணினியில் கால்வட்டம் திருப்பிப் புதியதன்மேல் வைத்தாள். உடைப்பின்மேல் உடைப்பு விழுந்தது. இடுக்கோடு இடுக்கு இழைந்தது. ஒன்றுகூட விலகவில்லை!

“அண்ணே! உடைப்பு திரும்பிருச்சு! அது நிஜம், அண்ணே, நிஜம்!”

“குதியாதையும், மேசை ஆடுது! லென்ஸ் போனா உம்மையே வித்தாலும் காணாது!” என்று அதட்டியவரும் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

யுவனேஸ்வரி பழைய தலைப்பை அழித்தாள். ‘நோயுற்ற இதயச் செல்லில் உடைந்த புரத வரிசைகள்’ என்று எழுதினாள்.

“வலை பொய்யெண்டதையும் எழுதப்போறீரோ?”

“எழுதாம? பொய் எது, மெய் எதுன்னு பிரிச்சுக் காட்டுனதாலதானே மத்தது நிக்குது! நகருங்க அண்ணே, அனுப்பிட்டு அடுத்த செல்லைப் பார்க்கணும்.”