காலி இடத்துக்கு ஒரு கல்வெட்டு

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்படுவது. நகர்மன்றத் தலைவரின் மனைவி போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“தம்பி, இத்தனை வருஷமா அவரக் கிண்டல் பண்ணி எழுதுறீங்க. நானும் அவருக்குத் தெரியாமப் படிச்சிட்டுச் சிரிச்சிருக்கேன். இதையும் எழுதுங்க. கிண்டல் வேணாங்கல. கடைசில மட்டும் ஒரு நல்ல வார்த்தை போட்டுடுங்க.”

நல்ல வார்த்தை என் கடையில் அதிகம் போகாத சரக்கு. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் என் ஜன்னல். அதைப் பிறகு சொல்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: “மனிதனின் பேராசையை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிலம்...” (நிறுத்தினேன். நிலம் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதில் பாதி முள்செடி.)

இரண்டாம் தொடக்கம்: “தலைவர் தொண்டையைச் செருமினார்.” இது நிற்கும். அவர் செருமாமல் இந்த ஊரில் எதுவும் தொடங்கியதில்லை.

ஆக, தலைவர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் ஊர் நடுவில் கிடக்கும் காலி இடத்தைப் பற்றிப் பேச்சு. மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் பள்ளம் அது. விலைக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட வெற்று நிலங்களை அப்படியே காப்பாற்ற அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது. பாதிப் பணம் அது தரும், மீதியை ஊர்க்காரர்கள் வீட்டு வரியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிக்கொள்ள ஒரு காண்ட்ராக்டர் தயாராக நின்றார், வணிக வளாகத்தின் வரைபடத்தோடு. அவர் தலைவரின் மைத்துனர்.*

உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். முடிவு தலைவரின் கையில். அவர் நிலத்தின் பக்கம் கை தூக்கினார். மைத்துனரின் வாய் திறந்தபடியே இருந்தது. என் வாயும்தான். ‘மைத்துனர் வளாகம்’ என்று நான் பாதி எழுதி வைத்திருந்த கட்டுரை அங்கேயே செத்தது.

* பணம் ஏதாவது கைமாறியதா என்று விசாரித்தேன். இல்லை. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் இல்லை.

3.

ஏன் தூக்கினார்? இந்த இடத்தில் அவருக்கு ஒரு பால்ய நினைவைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த நிலத்தில் பட்டம் விட்ட சிறுவன், அறுந்த நூல், வானத்தில்... (வேண்டாம். அவர் வேறு ஊரில் வளர்ந்தவர். அங்கும் பட்டம் விட்டதாகத் தகவல் இல்லை.)

உண்மையைத் தலைவரின் மனைவி, அதாவது நான் கூப்பிடுகிறபடி அக்கா, சொன்னார். தலைவருக்கு முன்னால் இருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியில், நூலகத்தில், பஸ் நிறுத்தத்தில் என்று ஆளுக்கொரு இடத்தில் பெயரைப் பொறித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் பெயர் இரண்டு முறை ஜெயித்தும் ஒரு செங்கல்லில்கூட இல்லை. வளாகத்தில் பொறிக்கலாம்தான். ஆனால் மைத்துனர் அதற்குத் தன் அப்பாவின் பெயரை வைக்கப் போகிறார். மாமனார் மேலே, மாப்பிள்ளை கீழே. கல்யாணமான நாளிலிருந்து மாமனாருக்குக் கீழேயே இருந்து தலைவருக்குக் கழுத்து வலி.

நிலமென்றால் போட்டி இல்லை. மறுநாளே கல் செதுக்குபவரிடம் போய்க் கருங்கல்லில் ஒரு கல்வெட்டு சொல்லிவிட்டார்.

“என்ன கட்டப் போறீங்க?” என்று கேட்டிருக்கிறார் செதுக்குபவர்.

“எதுவும் கட்டல.”

“அப்புறம் எதுக்குக் கல்லு?”

“எதுவும் கட்டலங்கறதுக்கு.”

‘இந்த இடத்தை இவ்வாறே இருக்கச் செய்தவர்’ என்று முதல் வரி. அதன் கீழே பட்டங்கள் புடைசூழ அவர் பெயர்.

4.

கல் தயாரான பிறகுதான் நிதி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒப்பந்தத்தில் தலைவர் கையெழுத்துப் போட்டால் பணம் வந்துவிடும். ஒரே நிபந்தனை, அந்த நிலத்தில் நிரந்தரமாக எதையும் நட்டுவைக்கக்கூடாது. பெயர்ப்பலகை? கூடாது. ஒரு சின்னக் கல்? “கல்லும் சேத்திதான் சார்.”

செய்தி மைத்துனர் காதுக்கு எப்படிப் போனதோ, சாயங்காலமே வரைபடத்தோடு வந்துவிட்டார். கையெழுத்துப் போடும்வரை தீர்மானத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவருக்கும் தெரியும்.

“காலி இடத்தக் காப்பாத்தினா உங்க பேர எதுல எழுதுவாங்க மச்சான், காத்துலயா? அப்பா பேரு வேணாம். முகப்புல உங்க பேரே இருக்கட்டும். ராத்திரி லைட்டெல்லாம் போட்டு.”

தலைவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் அக்கா. (நான் அவராக இருந்தால் வளாகத்துக்குச் சம்மதித்திருப்பேன். இதை அடைப்புக்குறிக்குள் சொல்வதுதான் மரியாதை.)

5.

காலையில் அவர் நிலத்துக்குப் போனார். எல்லைக்கு வெளியே கல் நட ஒரு முழ இடமாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். முள்செடிகளைத் தாண்டி நடந்தவரின் தலைக்கு மேலே ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே எழும்பியது, வட்டமிட்டது, தாழ்ந்து வந்து விரட்டியது. இந்த ஊரில் அவரைக் கண்டதும் எழுந்து நிற்காத ஆள் இல்லை. போய்விடு என்று சொன்ன முதல் ஜீவன் இதுதான். தொண்டையைச் செருமிப் பார்த்தார். குருவி மசியவில்லை.

அப்புறம்தான் கீழே பார்த்தார். செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக நான்கு முட்டைகள். கூடு இல்லை. ஒரு குச்சிகூட இல்லை. வெறும் மண்.

இங்கே அவர் என்ன நினைத்தார் என்று நான் எழுத வேண்டும். “தாய்மையின் முன் தலைவர்...” (ச்சீ.) “பதவியின் நிலையாமையை...” (நினைக்கக்கூடியவர்தான், கையில் மைக் இருந்தால்.) “வெயில் ஏறுகிறது, பசிக்கிறது...” (நம்பலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு இது போதாது.)

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே பேசியது மட்டும் தெரியும்.

“உன் தம்பிகிட்ட சொல்லிடு. முகப்புல உங்க அப்பா பேரே இருக்கட்டும். வேற எங்கயாவது கட்டச் சொல்லு.”

“அப்ப உங்க பேரு?”

“காலெல்லாம் ஒரே முள்ளு,” என்றிருக்கிறார்.

அன்றே கையெழுத்துப் போட்டார். கல் வண்டியில் வீட்டுக்கு வந்தது. எங்கே வைப்பது என்று இறக்குபவர்கள் கேட்டதற்குக் குழாயடியைக் காட்டினார். “எழுத்து கீழ இருக்கட்டும். மேல இருந்தா சோப்புத் தண்ணி தேங்கும்.”

அக்கா இப்போது அதில்தான் துணி துவைக்கிறார்.

6.

என் ஜன்னல். எழுதாமல் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம், அதாவது பெரும்பாலான நேரம், நான் பார்ப்பது அந்தக் காலி இடத்தைத்தான். அங்கே ஒருவர் தன் மனைவிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை, ஆனாலும் தினமும் வருகிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் என் வீட்டுக்குள் வராமல் அங்கே போய் நிற்கிறது. இந்த வருடம் வரி கட்டிவிட்டு வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நேற்று தலைவரை அந்த நிலத்தின் ஓரத்தில் பார்த்தேன். கிட்டே போய், “நன்றி,” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். “இது என்னுடைய தனிப்பட்ட வெற்றி அல்ல...”

குருவி கத்தியது. தலைவர் நிறுத்திக்கொண்டார். காலடியைப் பார்த்துப் பார்த்து நடந்து போனார். நான் கேட்ட அவர் பேச்சுகளில் ஆகச் சிறந்தது அதுதான்.

7.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஊரே திரண்டு அவரைப் பாராட்டுகிறது (சினிமா). அடுத்து வரும் தலைவர் அங்கே ஒரு வளைவு கட்டப் பார்க்கிறார் (நடக்கலாம், நினைக்கவே பயமாக இருக்கிறது). ஒருநாள் அக்கா கல்லைப் புரட்டிப் போட்டு எழுத்துகளைத் தேய்த்துக் கழுவுகிறார் (இது அவருக்குப் பிடிக்கும்). மூன்றையும் அடித்துவிட்டேன். கேட்ட நல்ல வார்த்தையை ஆறாவது பகுதியில் போட்டுவிட்டேன், அக்கா. அது ஒன்றுதான் இருந்தது.

இதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். இனி அது உங்களுடையது. எதுவும் கட்ட வேண்டாம். நடக்கலாம், நிற்கலாம். காலை மட்டும் பார்த்து வையுங்கள்.