மேலே தொடாத தூண்

பெட்டி தூணில் முட்டியது. தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நில்லுங்கடா, தலைப்பக்கம் இடிக்குது!" என்று பக்கத்து வீட்டு வேலாயுதம் கத்தினான்.

காலையில் காலிச் சவப்பெட்டியை ஒருக்களித்து உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அதற்குள் சிரில் கிடந்தான். பிள்ளையை ஒருக்களிக்க முடியுமா? தூணோ வாசலுக்கு நேரே நின்றது.

"அண்ணே, பின்வாசல் அகலம்லா. அப்படியே கொண்டு போயிடலாம்."

"என் மகன் என்ன திருடனாடா? முன்வாசல் வழியாத்தான் போவான்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அப்ப தூணை அறுக்கணும்."

"அறுத்தா கூரை உன் தலையில விழும். உன் தலை போனா போகட்டும், மத்தவங்களும் இருக்காங்க."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டியை இறக்கினார்கள்.

ஸ்டானிஸ்லாஸ் பிரிக்பீல்ட்ஸ் சூளையில் ஆயுசெல்லாம் செங்கல் சுட்டவர். கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்பாதவர். மகன் சிரில் வெள்ளைக்காரன் டிராயிங் ஆபீசில் கட்டடப் படம் வரைகிறவன். நடுத்தூண் இல்லாமலே கூரை நிற்கும் என்று அவன் இந்த வீட்டைக் கட்டியபோது, கிழவர் உள்ளே காலெடுத்து வைக்க மறுத்துவிட்டார். தூண் வந்த பிறகுதான் பாயை விரித்தார். அன்றிலிருந்து அதில் சாய்ந்து, வழியை மறித்துக் காலை நீட்டித்தான் உட்காருவார். வேலைவிட்டு வரும் சிரில் விரல் முட்டியால் தூணை இரண்டு தட்டு தட்டுவான். "காலுப்பா," என்பான். இவர் முணுமுணுத்துக்கொண்டே காலை மடக்குவார்.

நேற்று காலை காய்ச்சலில் அவன் மூச்சு நின்றது. சாயங்காலம் அந்தத் தட்டு கேட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், சிரில் மாட்டிவைத்த இன்னொரு படம். சுருள் சுருளாய் முடி வைத்த இங்கிலீஷ்காரர் ஒருவர். ரென் என்று பெயராம். நட்சத்திரங்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு லண்டனில் மாபெரும் கோயிலைக் கட்டினாராம். சோறு தின்னும்போதெல்லாம் சிரிலுக்கு அவர் கதைதான். ஒருநாள் சொன்னான்:

"ஒரு மண்டபத்துக்கு நடுவுல தூண் வேணும்னு ஊர்ப் பெரியவங்க அடம்புடிச்சாங்களாம்பா."

"அப்புறம்?"

"வச்சுக் குடுத்தாராம்." சொல்லிவிட்டுப் பெண்டாட்டி மகதலேனாவைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த மகதலேனா இப்போது பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள்.

"அறுக்கச் சொல்லுங்க மாமா. அது எதையும் தாங்கல."

"என்ன பேச்சு இது?"

"அந்த ரென் வச்ச தூணுங்க மேல தொடாதாம். கேட்டவங்க மனசுக்காக வச்சாராம். உங்க மகனும் அப்படித்தான் வச்சாங்க. உங்ககிட்ட சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

"பொய்."

அவள் சுவர்ப்பக்கம் போனாள். மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த காய்ந்த குருத்தோலையை உருவி அவரிடம் நீட்டினாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினார். வேலாயுதம் காலைப் பிடித்துக்கொண்டான். தூணின் உச்சிக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஓலையைச் செருகினார். மறுபக்கம் வந்தது. திரும்பவும் செருகினார். திரும்பவும் வந்தது.

இறங்கினார்.

"அறுங்க."

ரம்பம் தரையோடு அறுத்தபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசிகூட உதிரவில்லை. சிரில் முன்வாசல் வழியாகப் போனான்.

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், இல்லாத தூணைச் சுற்றிக்கொண்டே நடந்தார்கள். அறுத்த வேலாயுதமும் சுற்றித்தான் போனான். தூண் வெளியே மழையில் கிடந்தது.

எல்லோரும் போன பிறகு ஸ்டானிஸ்லாஸ் பழைய இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். சாய ஒன்றுமில்லை. முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். டிராயிங் ஆபீஸ் விடுகிற நேரம்.

டொக். டொக்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மகதலேனா எட்டிப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இருவரும் வாசல் பக்கம் திரும்பவில்லை.

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே காலை மடக்கினார்.