இழுத்தால் ஏறும்

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த சில்வஸ்டரின் வீடியோ கேம் கடையில், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் ஓட்டிய ஏரோப்பிளேன் ஏழாவது மலையையும் தாண்டியது. பின்னால் நின்ற நாலைந்து பேர் கைதட்டினார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் எங்கள் எஸ்டேட் அங்கம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவன், மழைக்கு ஒதுங்கின இடத்தில் பொம்மை விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் குச்சியிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

வாசலில் நனைந்துகொண்டு நின்றவனை உள்ளே கூப்பிட்டு, மழை விடும்வரை சும்மா தொட்டுப் பாருங்கள் என்று நிறுத்தியது சில்வஸ்டர்தான். துணி பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதன் வயிற்றில் டிவி. முன்னால் ஒரே ஒரு குச்சி. அதை நெஞ்சுப்பக்கம் இழுத்தால் விமானம் ஏறும். முன்னால் தள்ளினால் இறங்கும். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. சீசனுக்கு வந்த காலேஜ் பையன்கள் எனக்கு முன்னால் வரிசையாக முதல் மலையிலேயே மோதிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே போக வேண்டுமென்றால் மேல்பக்கமாகத் தள்ள வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

"இந்த மிஷின் வந்து மூணு மாசமாச்சுங்க" என்றார் சில்வஸ்டர். "ரெண்டாவது மலையத் தாண்டுனவன் ஒருத்தன் இல்லை. குச்சி தலைகீழா இருக்குன்னு எல்லாரும் எங்கிட்டச் சண்டைக்கு வர்றாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க கை வந்துச்சு?"

"நாங்க அங்க இப்பிடித்தானே பழகுனோம்" என்றேன் பெருமையாக.

சொல்லி முடிப்பதற்குள் பெருமை வடிந்துவிட்டது. எட்டாவது மலையில் மோதினேன். மோதியதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அங்கே என்று நான் சொன்னது சிலோனில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். மலைச்சரிவிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பிவழியே ஃபாக்டரிக்குத் தூக்கும் வின்ச்சில் பதினோரு வருஷம் நின்றவன் நான். லீவரை நெஞ்சுப்பக்கம் இழுத்தால் மூட்டைத் தொட்டி ஏறும். தள்ளினால் இறங்கும். எழுபத்தொன்பதில் எங்களைக் கப்பலேற்றி ராமேஸ்வரத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து மேட்டுப்பாளையம், அப்புறம் குன்னூரிலிருந்து பர்லியார் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிற இந்த எஸ்டேட். நான்கு வருஷம் புல் வெட்டினேன், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினேன். போன தை மாசம் வின்ச்சுக்கு ஆள் தேவைப்பட்டபோது நான் நான் என்று முன்னால் போய் நின்றேன். இங்கே லீவர் மாற்றிப் போட்டிருந்தது. தள்ளினால் ஏறும், இழுத்தால் இறங்கும். மேனேஜர் முதல் நாளே எச்சரித்தார். "ரெண்டு நாள்ல பழகிரும் தொரை" என்று சிரித்தேன். பழகவும் செய்தது. மூன்று மாசத்தில் ஒரு பிசகு கிடையாது.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. கீழ்த்தட்டில் அங்கம்மா அடுத்த நடைக்கு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டி அவள் தலைக்கு மேலே பாதியில் நின்றிருந்தது. ஒரு மூட்டை சரிந்து அவள் கீழே விழுந்திருக்கிறாள். கீழே நின்ற யாரோ நிறுத்தாமல் மணி அடித்தார்கள். நிறுத்தாமல் அடித்தால் தொட்டியை உடனே மேலே தூக்கு என்று அர்த்தம். நான் லீவரைப் போட்டேன். தொட்டி அவள்மேல் இறங்கியது.

விசாரணையில் நான் சொன்னது ஒன்றுதான். லீவரை முன்னால் தள்ளினேன், பிரேக் பிடிக்கவில்லை. பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன், அவ்வளவு நிச்சயமாக எனக்குத் தெரிந்திருந்தது. பிரேக்கை இரண்டு நாளுக்கு முன்னால் இறுக்கியவர் ஃபிட்டர் ஆறுச்சாமி. அவரை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை, அதாவது மறுநாள், என் வாக்குமூலத்தை வாசித்துக் கையெழுத்து வாங்கினால் அவருக்கு வேலை நிரந்தரமாகப் போய்விடும்.

"அண்ணே, இந்தக் குச்சிய மாத்த முடியுமா? தள்ளுனா ஏர்ற மாதிரி?" என்று சில்வஸ்டரிடம் கேட்டேன்.

"அது ரெண்டு வயர மாத்தி மாட்டற வேலைதாங்க. மெக்கானிக் சொல்லிக் குடுத்திருக்காரு" என்று பெட்டிக்குப் பின்னால் போனார். நன்றாக ஓட்டுகிறவன் எதற்காக இதைக் கெடுக்கச் சொல்கிறான் என்று அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

முதல் மலைக்குத் தள்ளினேன், ஏறியது. இரண்டாவதுக்கும் தள்ளினேன். தள்ளினால் ஏறும், தள்ளினால் ஏறும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மூன்றாவது மலை மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று வந்தது. விமானம் நேராகத் தரையில் குத்தியது. மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் அதே இடம், அதே குத்து.

"வயரு லூசா மாட்டிருக்கீங்களாண்ணே? நான் தள்ளத்தான செஞ்சேன்?"

"இல்லீங்களே. இழுத்தீங்க."

"தள்ளுனேண்ணே."

"நான் பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தானுங்க இருக்கேன். ரெண்டு தடவையும் இழுத்தீங்க. யோசிச்சுப் பண்றப்ப சரியாப் பண்றீங்க, பதறுனா நெஞ்சுக்கு இழுத்துக்கறீங்க" என்று சிரித்தார். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

மழை விடுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் குன்னூர் வரைக்கும் என் வலது கையை இடது கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கை சோறு போட்ட கை. அதன்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அது செய்ததையும் செய்துவிட்டு என்னிடம் பொய் வேறு சொல்லியிருக்கிறது.

வீட்டில் என் மனைவி தெய்வம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் அடுத்த லயத்து வீடுகளுக்கு விளையாடப் போயிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவள் மாவுக்கையை எடுக்காமல் கேட்டாள். முடிந்ததும், "அது வெளையாட்டு சாமான்" என்றாள்.

"கை ஒண்ணுதான புள்ள."

"தள்ளுனேன்னுதான நெனச்சீங்க? நெனச்சத சொன்னா அது பொய்யா?"

"அன்னைக்கி பொய்யில்ல. நாளைக்கி சொன்னா பொய்யி."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அந்தாளுக்கு காரமடையில வூடு இருக்கு. சாதிசனம் இருக்கு. கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழைச்சிக்குவாரு. நமக்கு எஸ்டேட்டுல குடுத்த இந்தக் காம்பரா மட்டுந்தான். வேலை போனா அன்னைக்கே சாமான வெளிய வைக்கச் சொல்லுவாங்க. எங்க போறது? திரும்பி சிலோனுக்கா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, அதுதான் கொடுமை. ஒருமுறை ஊரைவிட்டுக் கிளம்பினவளுக்குத்தான் தெரியும், பாயைச் சுருட்டுவது எவ்வளவு கனமான வேலை என்று. சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டில் அவளே ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். என் கையை அவள் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் வின்ச் ஷெட்டில் மேனேஜரும் டைப் அடித்த காகிதத்தோடு கிளார்க்கும் நின்றிருந்தார்கள். ஆறுச்சாமி ஓரமாக, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பதிமூன்று நாளில் ஆள் இளைத்துவிட்டார். கிளார்க் வாசித்து முடித்துப் பேனாவை நீட்டினார்.

"தொரை, ஒருவாட்டி ஓட்டிக் காட்டிட்டுப் போடுறேன்" என்றேன்.

"எதுக்கு வடிவேல்? எல்லாம் இதுலயே இருக்கே."

"ஒருவாட்டி தொரை. வெறுந்தொட்டிதான். ஃபிட்டரு மணி அடிக்கட்டும்."

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கும் அவரிடம் காரணமில்லை. கீழே ஆள் இல்லை என்று வாட்ச்மேன் இரண்டு முறை கத்திச் சொன்னான். இன்ஜின் ஓடத் தொடங்கியது. தொட்டியைப் பாதிச் சரிவில் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு ஆறுச்சாமியிடம் போய், "நான் எதிர்பாக்காத நேரத்துல அடிங்கண்ணே, நிறுத்தாம அடிங்க" என்றேன்.

"ஏனுங்க வடிவேலு, என்னத்துக்குங்க இதெல்லாம்? கையெழுத்தப் போட்டுட்டு உடுங்களே" என்றார். அவரை நிற்க வைத்து இன்னும் ஏதோ அவமானம் செய்யப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் மணிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார்.

லீவரில் கை வைத்து நின்றேன். ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது. லீவரையே பார்த்துக்கொண்டிருந்தால் கை சரியாகத் தள்ளிவிடும், எனக்கு நன்றாகத் தெரியும். தள்ளினால் தொட்டி ஏறும், காகிதத்தில் கையெழுத்து விழும், தெய்வம்மா பாயைச் சுருட்ட வேண்டாம். தள்ளினால் ஏறும் என்று எனக்குள் ஒருவன் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். அவனை அதட்டி அடக்க என்னால் முடியவில்லை. கண்ணை மட்டும் லீவரிலிருந்து பிடுங்கி ஆறுச்சாமியின் முகத்தில் வைத்தேன். எத்தனை நாள் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறேன்!

அவருக்கும் சும்மா நிற்பது சங்கடமாக இருந்திருக்கும் போல. குரலைத் தாழ்த்தி, "உங்கம்மா இன்னும் சிலோன்லதானுங்களே இருக்காங்க? போன வருசம் அங்க கலவரம்னு பேப்பர்ல போட்டிருந்தானே. காயிதம் கீது வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

இந்த எஸ்டேட்டில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. அதில் அம்மா ரேகை வைத்திருந்தாள். பழைய தோட்டத்து மருதாயி வீட்டில் ஒளிந்திருந்தோம், இப்போது பரவாயில்லை என்று யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

"வந்துச்சுண்ணே, ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, அதுல..." என்று தொடங்கினேன்.

மணி அடித்தது.

நான் தள்ளினேன். முன்னால்தான் தள்ளினேன், அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஆறுச்சாமி கயிற்றை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். கிளார்க்கின் கையில் பேனா அப்படியே நின்றது. கம்பி முனகிக்கொண்டு ஓட, வெறுந்தொட்டி பனிக்குள் கீழே கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. லீவரின் பிடி என் நெஞ்செலும்பில் அழுந்திக்கொண்டிருந்தது.