முட்டிப் பலகை

மாதா கோயில் வேலைக்குப் போகிறவன் வேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஒரு வம்பும் இல்லை. தச்சன் அன்று பைக்குள் பாட்டிலோடு போனான். வந்தது வினை.

பாட்டில் அவன் வாங்கியது இல்லை. காலையில் ஒரு வீட்டில் கதவு மாட்டி முடித்ததும், வீட்டுக்காரர் சந்தோஷத்தில் தோளைத் தட்டி, "இந்தாப்பா, வேலை முடிஞ்ச சந்தோஷத்துக்கு" என்று கையில் திணித்தார். "நான் விட்டுட்டேங்க" என்று ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் என்ன வாடகைக்கா போயிருந்தது? சொல்லவில்லை. போகிற வழியில் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, பழைய துண்டில் சுற்றிக் கருவிப் பையில் இழைப்புளிக்கு அடியில் வைத்தான். வழியில் சாக்கடை நிறைய வந்தது. ஒன்றிலும் அவன் வண்டி நிற்கவில்லை.

அதுவும் எந்த நாளில்? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மகளை அவன்தான் போய்க் கூட்டி வரவேண்டும். குடித்த காலத்தில் ஒரு தடவை பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு வண்டியைச் சுவரில் விட்டவன். அதற்கப்புறம் அவன் மனைவி பிள்ளையை அவனோடு தனியாக அனுப்பியதே இல்லை. இன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி மாறிவிட்டது. "அவ ஷூ பக்கிள் பிஞ்சு தொங்குது, தைச்சுத் தரேன் தைச்சுத் தரேன்னு நாளைக் கடத்திட்டே இருக்க" என்று வாசலில் நின்று திட்டினாள். அப்புறம் குரலை இறக்கி, "நம்பி விடுறேன்" என்றாள்.

போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளில்தான் குடியை விட்டான். அதற்கு முன்னால் அவன் கதையே வேறு. ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவன், சொந்தக் கதவில் பூட்டு எது, கீல் எது என்று இருட்டில் தடவிக்கொண்டு நிற்பான். அவனைக் காலரைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தில் உட்கார வைத்தது பங்குச் சாமியார்தான். கை நடுங்கினால் பிடித்துக்கொள் என்று ஒரு ஜெபமாலையும் கொடுத்தார். மரமணி. மட்டமான மரம் என்று தச்சன் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான், ஆனாலும் அது சட்டைப் பையில் இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை.

இப்போது கோயிலில் பாவசங்கீர்த்தனப் பெட்டியைப் பழுதுபார்க்கும் வேலை. நடுவில் சாமியார் உட்கார ஒரு கதவு போட்ட அறை. பக்கத்தில் பாவத்தைச் சொல்ல வருகிறவர் முட்டி போட ஒரு திரை போட்ட அறை. இரண்டுக்கும் நடுவே சல்லடை வைத்த சின்ன ஜன்னல். முட்டி போடும் பலகைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஆள் முட்டி போட்டால் வெளியே சிவப்பு பல்பு எரியும், உள்ளே ஆள் இருக்கிறது என்று மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். அந்தப் பலகையைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. தச்சன் அதை ஸ்விட்சோடு கழற்றி வராந்தாவில் போட்டிருந்தான். வயர் முனையில் டேப் சுற்றியாயிற்று. பலகை இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், நட்டுக்கொண்டு நிற்கும் ஆணிகளும், மேலே மரத்தூளும்தான்.

மதியம் கோயிலில் ஈ காக்கை இல்லை. கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. ஒரு மூடி. ஒரே ஒரு மூடி குடித்தால் நடுக்கம் நிற்கும், சாயங்காலத்துக்குள் வாடையும் போய்விடும். குடிகாரன் கணக்கில் எப்போதும் எல்லாம் சரியாகத்தான் வரும்! தச்சன் துண்டோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு சாமியாரின் அறைக்குள் போய், சாமியாரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான். மூடியைத் திருகினான். அது 'கறக்' என்றது.

அந்தப் பக்கத்திலிருந்து மரத்தில் இரண்டு தட்டு.

தட்டிவிட்டுச் சத்தம் இல்லை. எந்தப் பலகையைத் தொட்டாலும் அவனும் அப்படித்தான், விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பான். உள்ளே பொக்கையா, கெட்டியா என்று பார்க்கிற தட்டு அது.

"சாமி, நான் பாவியாயிருக்கிறேன். என்னை ஆசீர்வதியும்" என்றது ஒரு ஆண் குரல். அழுது அழுது கரகரத்த குரல்.

"நான் சாமியார் இல்லைங்க" என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். கையில் திறந்த பாட்டில். வாயைத் திறந்தால் மானம் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு மூடிதான்னு நினைச்சேன் சாமி. இங்க உக்காந்துதான் குடிச்சேன். யாருக்குத் தெரியப்போவுதுன்னு."

தச்சன் ஜன்னலைப் பார்த்தான். சல்லடைக்கு அந்தப் பக்கம் இருட்டாக இருந்தது.

"அப்புறம் புள்ளையக் கூப்பிடப் போனேன். வளைவுல தண்ணி லாரி வந்துச்சு. எனக்கு பிரேக் எங்க இருக்குன்னே தெரியல. சுருளு பின்னாடிதான் உக்காந்திருந்தா."

சுருளு! இழைக்கும்போது சுருண்டு விழும் மரச்சீவல் மாதிரி முடி என்பதால் மகளுக்கு அவன் வைத்த செல்லப்பேர். வீட்டுக்கு வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. மனைவிகூட அப்படிக் கூப்பிட மாட்டாள்.

"ஒரு ஷூதான் சாமி கையில குடுத்தாங்க. இன்னொண்ண அந்த வளைவு பூராத் தேடினேன். கிடைக்கவே இல்ல. பக்கிள் தைச்சுத் தரேன்னு சொல்லியிருந்தேன்." குரல் ஜன்னலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. "பாவமன்னிப்பு குடுங்க சாமி. குடுங்க."

சல்லடை வழியாக மூச்சு வந்து அவன் கன்னத்தில் பட்டது. சாராய வாடை.

கதவை உதைத்துக்கொண்டு வெளியே விழுந்தான். எழுந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்தான். யாரும் இல்லை. பள்ளத்தில் ஆணிகள் நின்றன. மேலே தூவிக் கிடந்த மரத்தூளில் ஒரு கால் தடம் இல்லை, முட்டி வைத்த தடம் இல்லை.

சத்தம் கேட்டுச் சாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னப்பா, கோயிலை இடிக்கிறியா? யாரு உள்ள? லைட் எரியுதே."

தச்சன் அண்ணாந்து பார்த்தான். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"பலகை வராந்தாவுல கெடக்கு சாமி" என்றான்.

சாமியார் குனிந்து பார்த்தார். டேப் சுற்றிய வயரைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். அவன் கையிலிருந்த பாட்டிலையும் அப்போதுதான் பார்த்தார்.

"சாமி, உள்ள ஒருத்தன் வந்து பாவத்தைச் சொன்னான். நான் கேட்டுட்டேன். அவன் என்ன சொன்னான்னா..."

"நிறுத்து." சாமியார் கையைத் தூக்கினார். "அடுத்தவன் பாவசங்கீர்த்தனம் தெரியாம காதுல விழுந்தாலும் வெளிய சொல்லக் கூடாது. எனக்கு எப்படியோ அப்படித்தான் உனக்கும். என்கிட்டகூடச் சொல்லாதே."

"அடுத்தவன் இல்ல சாமி" என்றான் தச்சன். "அது நான்தான்."

சாமியார் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "உன்னோடதுன்னா நீதான் சொல்லணும். முட்டி போடு."

"அவன் சொன்னதை நான் இன்னும் செய்யல சாமி."

"செய்யாததுக்கு மன்னிப்பு குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. செஞ்சதைச் சொல்லு."

வெறுந்தரையில் முட்டி போட்டான். வேண்டாம் என்று சொல்லாததைச் சொன்னான். சாக்கடை சாக்கடையாகத் தாண்டி வந்ததைச் சொன்னான். மூடியைத் திறந்ததைச் சொன்னான். குடியை விட்டதிலிருந்து ஒரு நாள்கூட அது ஞாபகம் வராமல் விடிந்ததில்லை என்பதை, இதுவரை கூட்டத்தில்கூடச் சொல்லாததை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சொல்லச் சொல்ல விக்கி விக்கி அழுகை வந்தது. சாமியார் அவசரப்படுத்தவில்லை.

அவர் கையை உயர்த்தி மன்னிப்புச் சொல்லிச் சிலுவை வரைந்தபோது, பின்னால் பலகையே இல்லாத பெட்டிக்குள் பலகை முனகியது. முட்டி போட்டிருந்த ஆள் எழுந்திருக்கும்போது வருமே, அந்தச் சத்தம். தச்சனுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சாமியார் பார்த்தார்.

"லைட் அணைஞ்சிடுச்சு" என்றார். "நாளைக்கும் கை நடுங்கும். நடுங்கினா ஒளிஞ்சுக்காதே, இங்க வா. பாட்டில் வந்த கதையைக் கூட்டத்துல சொல்லு. இப்ப அதைக் கொண்டுபோய்க் கொட்டு. அப்புறம் வண்டிச் சாவியைக் குடு."

"குடிக்கலையே சாமி. வண்டிய ஓட்டலாமே."

"நடந்து போ, நடந்து வா, வழியெல்லாம் ஜெபமாலை சொல்லு. அதான் உனக்கு அபராதம். அபராதத்துல பேரம் பேசாதே."

பேரம் பேசவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தான். பள்ளிக்கூட வாசலில் மகள் அவனைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. பக்கத்தில் வந்து, வழக்கம் போல அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "மரம்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். ஒரு கை அவள் காலில், ஒரு கை ஜெபமாலை மணியில்.

வளைவு வந்தது. அவன் சுவரை ஒட்டி நடந்தான்.

"அப்பா, ஷூ! ஷூ விழுந்துடுச்சு!"

பக்கிள் பிய்ந்த ஷூ நடு ரோட்டில் கிடந்தது. எடுக்கத் திரும்பினான். ஒரு கால் ரோட்டில் வைத்தான். எங்கிருந்தோ மரத்தில் இரண்டு தட்டு கேட்டது. அந்த வளைவில் மரமும் கிடையாது, கதவும் கிடையாது. வைத்த காலைப் பின்னால் இழுத்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

தண்ணி லாரி அவன் மூக்கை உரசுகிற மாதிரி வளைந்து போனது. காற்றில் மகளின் முடியெல்லாம் அவன் முகத்தில் விழுந்தது.

லாரி போனபின் ரோட்டைப் பார்த்தான். ஷூ இல்லை. நசுங்கியும் கிடக்கவில்லை. மகளைக் கீழே இறக்காமலே அந்த வளைவு பூராவும் தேடினான். கிடைக்கவே இல்லை.

வீட்டில் மனைவி டூட்டி உடையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றிருந்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இன்னொரு ஷூ எங்க?"

தச்சன் மகளின் காலில் மிச்சமிருந்த ஒற்றை ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வாசல்படியிலேயே உட்கார்ந்து, அந்த ஷூவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதப்பா" என்றாள். "ஷூதானே போச்சு."