நல்ல டிராம்போன்

ஜீவமணி என்னை ஏமாற்றப் பார்த்தான். ஊரில் யார் எப்படித் திரித்துச் சொன்னாலும் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதை மறைத்துவிட்டு என்னைக் கொடுமைக்காரன் என்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அவன் சாயர்புரத்துக்காரன். வாரம் ஆறு நாள் உப்பளத்தில் கங்காணி வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை பேண்டில் டிராம்போன் வாசிப்பான். ஒரு நீளப் பித்தளைக் குழாய்; அதன் ஸ்லைடைக் கையால் முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் ஊத வேண்டும். பேண்டுக்காரர்களின் சட்டைத் துணி என் காசு, கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறிச் சாப்பாடு என் காசு. ஜீவமணி போல இந்தச் சீமையில் வாசிக்க ஆளில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. நானும் தலையாட்டி வைப்பேன்.

1946-இல், சண்டை முடிந்து பட்டாளங்கள் கலைந்துகொண்டிருந்தபோது, மதராஸில் ஒரு ஏலத்தில் துரைமார் விருந்துகளுக்கு வாசித்த குழுவின் வாத்தியங்களை மொத்தமாக எடுத்தேன். டிரம், பியூகிள் எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். இரண்டு டிராம்போன் மிஞ்சியது. ஒன்று வெள்ளி முலாம் பூசியது, மற்றது வெறும் பித்தளை. இரண்டுமே இங்கிலாந்துச் சரக்கு.

சேதி கேள்விப்பட்டு ஜீவமணி என் சங்கு மண்டிக்கு ஓடி வந்தான். கொழும்பில் புதிதாகச் சேர்க்கும் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் ஒரே ஒரு டிராம்போன் இடம் இருந்தது. இவன் எழுதிப் போட்டிருக்கிறான். சொந்த வாத்தியத்தோடு வந்து வாசித்துக் காட்டு என்று பதிலும் வந்துவிட்டது.

"பேண்டு டிராம்போன் அங்கங்க ஈயம் வச்சு ஒட்டுனது அண்ணாச்சி. அதத் தூக்கிட்டுப் போனா வாசல்லயே திருப்பி விட்டுருவாவ. எனக்கும் முப்பத்தெட்டு ஆவுது. இனி எவன் கூப்பிடப் போறான்? உங்ககிட்ட வந்ததுல ஒண்ணு தந்தீங்கன்னா, சாவுத வரைக்கும் மறக்க மாட்டேன்."

"தாரேம்லே. ரெண்டையும் ஊதிப் பாத்து நல்லது எதுன்னு சொல்லு. நல்லது பேபிக்கு. மத்தது ஒனக்கு."

பேபி என் மகன். கல்லூரி முடித்து வீட்டில் இருந்தான். ஏதாவது வாத்தியம் பழக வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். ஜீவமணி இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சரி என்றான்.

மறுநாள் மத்தியானம் மண்டியில் வைத்தே பார்த்தான். இரண்டையும் செங்குத்தாகப் பிடித்து, ஸ்லைடின் பூட்டைத் திறந்து, அது எப்படி இறங்குகிறது என்று பார்த்தான். வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி வரச் சொல்லி, உள்குழாய்களை அதன்மேல் கிடத்தி வளைவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே எனக்குப் பாடமும் சொன்னான். "பேண்டுல முழக்குனாப் போதும் அண்ணாச்சி. ஆர்க்கெஸ்ட்ரால அரைமணி நேரம் சும்மா ஒக்காந்திருந்துட்டு, மூச்சு விடுத சத்தத்துல ஒரு சுரம் வாசிக்கணும். அதுலதான் நல்லது கெட்டது தெரியும்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் வெள்ளி. ஓங்கி ஊதினான், ஓடு அதிர்ந்தது. ஸ்லைடைக் கடைசி இடம் வரைக்கும் தள்ளி மெதுவாக ஊதியபோது உள்ளே ஏதோ உரசியது, சுரம் உடைந்தது. உடனே இருமினான். அடுத்தது பித்தளை. அதில் ஒரு ஞானப்பாட்டை வேண்டுமென்றே கரடுமுரடாக வாசித்தான். கீழே வைக்கப் போனவன் வைக்கவில்லை. கையை முழுக்க நீட்டி, ஒரே ஒரு சுரத்தை மெதுவாக, நீளமாக வாசித்தான். சங்கு எடை போட்டுக்கொண்டிருந்த என் மண்டி ஆள் முப்பிடாதி தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். அதை வாசிக்காமல் இருக்க ஜீவமணியால் முடியவில்லை, பாவம். வாசித்த பிறகு தோள் துண்டால் குழாயைத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தான். வெள்ளியை அவன் துடைக்கவில்லை.

"வெள்ளிதான் ஒசத்தி அண்ணாச்சி," என்றான். "அது தம்பிக்கு இருக்கட்டும். இந்தப் பித்தளை மட்டந்தான். பரவால்ல, நான் சமாளிச்சுக்கிடுதேன்."

சங்கீதம் தெரியாது, முத்து தெரியும். இருபது வருஷத்துக்கு முன் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சமுக்காளத்தில் முத்தைக் கொட்டி வைத்துவிட்டு நான் முத்தைப் பார்க்க மாட்டேன். வாங்க வந்தவன் கையைத்தான் பார்ப்பேன். வேண்டாததை ஆகா ஓகோ என்பான். வேண்டியதில் குற்றம் சொல்வான், ஆனால் விரல் அதன் பக்கமே போய்ப் போய் வரும். எத்தனையோ பெரிய கைகளை அப்படிப் படித்தவன் நான். என் மண்டியில், என் கண்முன்னே, உப்பளத்துக் கங்காணி எனக்குக் கண்கட்டு வித்தை காட்டுகிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எரிச்சலைக் காட்டிக்கொள்ளவில்லை. "என் மனசு மாறிட்டுலே," என்றேன். "பேபி வெளையாட்டுப் பய. அவனுக்கு மட்டம் போதும். ஒசத்திய நீ கொண்டு போ."

அவன் முகம் போன போக்கை எழுத எனக்கு எழுத்து வராது. "வேண்டாம் அண்ணாச்சி, எனக்கு மட்டமே போதும்," என்றான்.

"இவன் அடக்கத்தப் பாரு முப்பிடாதி," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் அந்த வெள்ளி டிராம்போனை என் கையாலேயே கொடுத்தேன். எங்கள் பாதிரியார், கோயில் ஐயர், அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த மனசு யாருக்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். ஜீவமணி நன்றி சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான்.

கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஆறு நாள் கொடுத்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை மண்டி வாசல் வரைக்கும் வந்தான். நிமிர்ந்து பார்த்து, "என்னலே?" என்று கேட்டேன். "சும்மா வந்தேன் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனான். பொய்யை ஒப்புக்கொண்டால் இருப்பதையும் நான் பிடுங்கிக்கொள்வேன் என்று பயந்திருப்பான். பயந்தது சரிதான்.

போய் ஐந்தாம் நாள் கப்பலில் திரும்பி வந்தான். நேராக மண்டிக்கு வந்து வெள்ளி டிராம்போனை மேஜைமேல் வைத்தான்.

"எடம் கெடைக்கல்ல அண்ணாச்சி. மெதுவா வாசின்னாவ. ஸ்லைடு கடைசி எடத்துல சுரம் ஒடஞ்சு போச்சு. மூணு தடவ கேட்டாவ, மூணு தடவையும் ஒடஞ்சுது. போதும்னுட்டாவ."

நான் கணக்கு நோட்டை மூடி வைத்தேன்.

"ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். பித்தளைதான் ஒசத்தி. நீங்க அத நம்பி, பெரிய மனசோட எனக்குன்னு எடுத்துத் தந்தீங்க. கர்த்தர் என்னயத் தண்டிச்சுட்டாரு. நியாயந்தான அண்ணாச்சி? நியாயந்தான்."

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சொல்லிவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. ராத்திரி தூங்கிவிடுவான், நாளைக்கு உப்பளத்துக்குப் போய்விடுவான், எல்லாம் தீர்ந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காரியம் செய்தது நான்; பெயர் இன்னொருவருக்கா?

"கர்த்தர் இல்லலே," என்றேன். "நான்தான். நீ சொன்னது பொய்யின்னு அன்னைக்கே தெரியும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "தெரிஞ்சா தந்தீங்க?"

"தெரிஞ்சுதான்."

"அன்னைக்கு நான் உண்மையச் சொல்லிருந்தா?"

"நல்லது பேபிக்குன்னு மொதல்லயே சொன்னேன்லா? உண்மையச் சொல்லிருந்தாலும் இந்தப் பெட்டியத்தான் தூக்கிட்டுப் போயிருப்ப."

அவன் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தான். எழுந்து என்னை அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடிக்கவில்லை. முப்பிடாதி தராசை விட்டுவிட்டு வெளியே போய்விட்டான். மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தபடி ஜீவமணி கேட்டான்: "பித்தளைய தம்பி வாசிக்காவளா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாசிக்கிறான் என்று ஒரு வார்த்தை, அதற்கு எனக்கு என்ன செலவு?

"ரெண்டு நாள் ஊதுனான். வாய் வலிக்குன்னு தூக்கிப் போட்டுட்டான்," என்றேன்.

அப்போதுதான் அவன் அழுதான். சத்தமாக, சந்தையில் கைவிட்ட பிள்ளை மாதிரி அழுதான். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இனித்தது.