வெள்ளைக் குமிழ்

ஜூலை 7, 2025, திங்கள்

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. "கியர் கம்பியின் தலையில் கறுப்புக் குமிழ், முன்பு பார்த்தபடியே" என்று எழுதியிருக்கிறேன். குமிழ் கறுப்புதான். "முன்பு பார்த்தபடியே" என்பதுதான் தவறு. சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். இன்று மதியம் நான் வேலை செய்யும் விதைக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். ஜீப்பை விலை பேசப் போன அன்று நான் எடுத்த படத்தில் குமிழ் வெள்ளை. நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல்கூடத் தெரிகிறது.

மாலை வகுப்பில் டீசல் மெக்கானிக் பாடம் எடுக்கும் மணிமேகலை மேடம் தினமும் வேலைக் குறிப்பு எழுதச் சொல்வார். அன்றைய தவறை முதல் வரியில் எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். இது வகுப்பில் காட்டும் நோட்டு இல்லை. ஆனாலும் கை அப்படியே பழகிவிட்டது.

இனி வரிசையாக எழுதுகிறேன். ஜீப் எனக்கும் மாதுவுக்கும் பாதிப் பாதி; பதிவு மட்டும் என் பெயரில். மாது வகுப்பில் என் பக்கத்து மேசை. பகலில் அதியமான்கோட்டையில் டயர்க் கடையில் வேலை செய்கிறான். ஜீப் வாங்கியதற்கு உருப்படியான காரணம் எதுவும் இல்லை. ஒரு பழைய ஃபோர் வீல் வண்டியை நாமே பிரித்துப் பூட்டி, நாமே மலையேற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை, அவ்வளவுதான். மலையடிவாரத்தில் நஞ்சப்பன் என்பவரிடம் ஒன்று இருந்தது. மேலே இருக்கிற ஊர்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போன வண்டி. இருவரும் போய்ப் பார்த்தோம், ஓட்டினோம், பேசி முடித்தோம்.

வண்டியை எடுத்துவர மாது மட்டும்தான் போனான். நேற்று அக்கா மகளுக்கு ஞானஸ்நானம், என்னால் போக முடியவில்லை. சாப்பாடு முடிந்ததும் பொம்மிடியிலிருந்து கிளம்பி, நெடுஞ்சாலையோரம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் தகரக் கொட்டாயில் காத்திருந்தேன். ஐந்தரை மணிக்கு வந்திருக்க வேண்டிய வண்டி இருட்டிய பிறகுதான் வந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. வந்ததும் கேட்டேன்.

"ஏன்டா இவ்ளோ லேட்டு?"

"அந்தண்ணன் வுட்டாத்தானே? கெளம்பு கெளம்புன்னா கெளம்ப வுடணும்ல" என்று சிரித்தான்.

பதில் மாதிரி இருந்தது. இப்போது எழுதிப் பார்த்தால் பதிலாகத் தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தவறு: மாதுவிடம் நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

வகுப்புக்கு முன்னால் டீக்கடையில், "நாப் மாத்தியிருக்குதே?" என்றேன்.

"ஆமா. மாத்தாம?" என்றான். என்னமோ நான் கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தான். பிறகு வடையைப் பிய்த்துக்கொண்டே, "கேட்டு, நீ வண்டிய ஓட்டப் போறியா, நாப்பப் பாத்துக் கவிதை எழுதப் போறியா?" என்றான். அப்பா ரயில்வே கேட் கீப்பர் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் கேட்டு. இன்னாசி என்று அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நானும் சிரித்தேன். ஆனால் வகுப்பில் மேடம் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. பொதுவாகத்தான் சொன்னார். "பழைய வண்டி வாங்கறப்ப எல்லாரும் எஞ்சினத்தான் பாப்பீங்க. கியர்பாக்ஸ வுட்டுடுவீங்க. ஓட்டிக் காட்டுனது ஒண்ணு, அனுப்பி வெச்சது ஒண்ணா இருக்கும். மேல கழுவியிருந்தா அழகுக்கு. அடியில கழுவியிருந்தா, எதையோ கழட்டி மாட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படணும்."

மாது தலையை ஆட்டிக்கொண்டே குறிப்பு எடுத்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியும்படியா வைத்துக்கொள்வான்?

ஜூலை 9, புதன்

தவறு: அரை நாள் லீவு கேட்கும்போது கடை முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொன்னேன்.

மாது வேலையில் இருக்கும் நேரத்தில் தனியாகக் கொட்டாய்க்குப் போனேன். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் துடைத்து வைத்ததுபோல இருக்கிறது. இத்தனை வருடம் மலையில் ஓடிய வண்டிக்கு அடியில் விரல் வைத்தால் கிரீஸ் அப்ப வேண்டும். என் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பானெட்டில் மஞ்சளும் குங்குமமும் வேறு. பூசை போட்டது என்று நினைத்திருந்தேன். கண்ணை மேலே இழுத்து வைக்கவும் அதைப் பூசலாம்.

பிறகு சீட்டைத் தூக்கினேன். அடியில் தர்மபுரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றின் கவர். உள்ளே குமிழ் வந்த அட்டைப்பெட்டி, காலியாக. கவருக்குள் போன சனிக்கிழமை தேதி போட்ட பில்.

வண்டியை எடுக்கப் போனது ஞாயிறு. குமிழ் வாங்கியது சனிக்கிழமை. அப்படியென்றால் வெள்ளைக் குமிழ் வண்டியோடு வராது என்று மாதுவுக்கு முன்பே தெரியும். குமிழ் தானாகக் கழன்று விழவில்லை. கியர் கம்பியோடு, கியர்பாக்ஸோடு சேர்த்து அது போயிருந்தால்? நல்லதைக் கழற்றி வைத்துக்கொண்டு தேய்ந்ததை மாட்டி அனுப்பியிருந்தால்? இரண்டாவது கியரில் ஒரு முனகல் கேட்கிறது. விலை பேசிய அன்று ஓட்டியபோது அந்த முனகல் இருந்ததா? எனக்கு நினைவில்லை. படமாக எடுத்துத் தள்ளினேனே தவிர, காதைக் கொடுக்கவில்லை.

கவரை இருந்த இடத்திலேயே வைத்தேன். மடிப்பு மாறாமல் வைத்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

தவறு: ஒட்டுக் கேட்டேன்.

வகுப்பு முடிந்ததும் கொட்டாயில் இருவரும் பிரேக் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். மாதுவின் போன் அடித்தது. திரையில் நஞ்சப்பன் பெயர். என்னைப் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். ரோட்டில் லாரிச் சத்தம். நடுவில் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது: "அவனுக்கு அதெல்லாம் தெரியாதுங்ணா."

உள்ளே வந்தவனிடம், "யாரு?" என்றேன்.

"அந்தண்ணன்தான். சும்மா."

"என்ன விசயம்?"

"வண்டி நல்லா இருக்குதான்னு கேட்டாரு. நீ அந்த ஸ்பேனர எடு."

விற்றுப் பணம் வாங்கியவர் எதற்குக் கூப்பிட்டு வண்டி நலமா என்று கேட்க வேண்டும்?

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். இவனை விட்டால் எனக்கு வகுப்பில் பேசக்கூட வேறு ஆள் இல்லை. மலையேற்றுவது என்று பேசிக்கொண்டதெல்லாம் இவனோடுதான். இவன் ஏமாற்றியிருந்தால் ஜீப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஏமாற்றாமல் இருந்து, நான் இப்படி நினைப்பது அவனுக்குத் தெரிந்தால்? இரண்டாவதை நினைக்கத்தான் அதிகப் பயமாக இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரம் போவதென்று முடிவு செய்துவிட்டேன். மாதுவிடம் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தவறு என்று ஒன்றை மட்டும் இன்று பிரித்து எழுத முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். நஞ்சப்பன் மாட்டுக் கொட்டாயில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு? பைனான்ஸா?"

"இல்லைங்க. ஜீப் வாங்குனோமே, இன்னாசிங்க."

"அட, போட்டோ எடுத்துக்கினே இருந்த தம்பி!" என்றவர் உடனே முகம் மாறினார். "ஏன், வண்டிக்கு என்னா? திருப்பிக் குடுக்க வந்தியா?"

"இல்லைங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் சும்மா வர என்னா இருக்குது? பஸ்ஸு இதோட திரும்பிடும்."

கொட்டாய்க்குள் பார்வையை ஓட்டினேன். குறுக்குக் கம்பில் ஓர் ஆணி. அதில் பழைய கயிறுகள் கொத்தாகத் தொங்கின. மாட்டின் கழுத்தில் உரசி உரசி வழவழப்பானவை. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு சணல் துண்டில் கட்டி, வெள்ளைக் குமிழ். விரிசல்கூடத் தெரிந்தது.

"அது எங்க வண்டியோடதுங்களே" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

"வண்டி உங்களுது. அது எங்களுது." அவருக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். "மாடு வித்தா கயித்த வெச்சிக்குவோம்ல? வாங்கறவன் அவன் கயித்தக் கொண்டாந்து புடிச்சிக்கினு போவான். கயித்தோட அனுப்பிட்டா, அப்பறம் கொட்டாயில அடுத்தது தங்காது. ஜீப்புக்குக் கயிறு எங்க இருக்குது? நான் தெனமும் கையில புடிச்சது அதான். சனிக்கெழமையே உங்க கூட்டாளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சரிங்ணா, நாங்க வேற கொண்டாறோம்னுச்சு. உனுக்குச் சொல்லலியா?"

"சொல்லலைங்க."

"இதுல சொல்றதுக்கு என்னா இருக்குது? அதுங்க வூட்லயும் மாடு இருக்குது. உங்க வூட்ல?"

"இல்லைங்க. அப்பாவுக்கு ரயில்வே கேட்டு."

"அதான்" என்று சிரித்தார். "ரயில யாரு கயித்தோட விப்பான்?"

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க வந்தது. ஞாயிறு சாயங்காலம் ராகு காலம், அதில் அனுப்ப மாட்டோம் என்று மாதுவை ஆறு மணி வரை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். அடியில் கழுவியதா? "மாட்டக் கழுவுனா மடி வரைக்கும் கழுவித்தான் அனுப்புவோம். வண்டின்னா மட்டும் மேல மட்டுமா?" இரண்டாவது கியர் முனகலா? "அன்னிக்கே சொன்னேனே. ரெண்டாவதுல முனகும், பயப்படாதீங்கன்னு. நீதான் போட்டோ எடுத்துக்கினு இருந்த." வியாழக்கிழமை போனா? புது இடத்தில் வண்டிக்குச் சாம்பிராணி காட்டினீர்களா என்று கேட்டாராம். "ஜீப்பு அவன் பேர்ல இருக்குது, அவன் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், அவனுக்கு அதெல்லாம் தெரியாதுங்ணா, நானே காட்டிடறேன்னு அந்தப் பையன் சொல்லுச்சு."

அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று பட்டிருக்கிறது; அது உண்மைதான். போனை எடுத்து, நான் தடுப்பதற்குள் மாதுவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, உங்க கூட்டாளி இங்க வந்து நிக்கிறாரு. நாப்பு எங்கேங்கறாரு, அடியில எதுக்குக் கழுவுனேங்கறாரு. வண்டியில ஏதாச்சும் கொறையா?"

மறுபக்கத்தில் ஒரு மாடு கத்தியது. மாது வீட்டு மாடாக இருக்கும். பிறகு அவன் குரல்.

"ஒண்ணுமில்லீங்ணா. அவனுக்கு எல்லாத்தையும் நோட்டுல எழுதணும். அதுக்குக் கேக்க வந்திருப்பான். நான்தான் போயிட்டு வாடான்னு சொன்னேன்."

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. எனக்காகப் பொய் சொன்னான். நஞ்சப்பன் சிரித்துவிட்டு எனக்கு மோர் கொடுத்தார். குடித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மாது கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 14, திங்கள்

தவறு: நேற்றே கூப்பிட்டிருக்க வேண்டும்.

மாது வகுப்புக்கு வரவில்லை. மேடம் என்னிடம்தான் கேட்டார், உன் கூட்டாளி எங்கே என்று. தெரியாது என்றேன். இப்படி ஒரு பதில் நான் சொன்னது இதுவே முதல் தடவை.

வகுப்பு முடிந்ததும் கொட்டாய்க்குப் போனேன். எங்கள் பூட்டு அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும். சாவி அவனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. உள்ளே ஸ்பேனர் செட்டில் அவனுடையவை இல்லை. என்னுடையவற்றை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தான். எனக்கு அடுக்கி வைக்கப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். டிரைவர் சீட்டில் அவனுடைய சாவி.

கியர் கம்பியின் தலை மொட்டையாக இருந்தது. கறுப்புக் குமிழைக் காணோம்.

முதலில் என்ன நினைத்தேன் என்பதை எழுதாமல் விட முடியாது. யாரோ பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். டார்ச் அடித்துத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பிறகு அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான், அற்பத்தனம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் மாட்டுக் கொட்டாயின் ஆணியும் கயிறுகளும் நினைவுக்கு வந்தன. வண்டியை எனக்கே விட்டுவிட்டான். கயிற்றை அவன் வைத்துக்கொண்டான். இந்தத் தடவை எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படியும் உட்கார்ந்து இன்னொன்றை யோசித்தேன்: நான் போய்க் கேட்டால் கொடுப்பானா? கொடுத்த பிறகு, வியாழக்கிழமை போல என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பேச மாட்டானா? பேசினால் நான் காதைத் தீட்டாமல் இருப்பேனா? தெரியவில்லை. கியர்பாக்ஸைத் திறந்து பார்த்துவிடலாம் என்று மூடியின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். ஒரு சுற்றுத் திருப்பினேன். பிறகு பழையபடி இறுக்கிவிட்டேன்.

நாளை: கடைக்கு லீவு, இந்த முறை உண்மைக் காரணத்தைச் சொல்லி. காலை முதல் ரயிலில் மாதுவின் ஊரான மொரப்பூர். மாது சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அவன் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். நோட்டுக்காகப் போகவில்லை, உன்மேல் சந்தேகப்பட்டுத்தான் போனேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அவனுடைய சாவியை அவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குமிழைக் கேட்க வேண்டும்.